வாங்கில் இருந்த அப்பா

இன்று எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள். வந்த எல்லோரும் இருந்து சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்டுதான் போவீர்கள். காரில் ஏறியதும் படங்களைப் பார்ப்பீர்கள், தேவாரத்தைப் புரட்டுவீர்கள். மகள் எழுதிய கட்டுரையை யாரும் வாசிப்பதில்லை. எனக்குத் தெரியும், நானும் மற்றவர்களுடைய மலர்களில் வாசித்ததில்லை. ஆனால் இதைத் தயவுசெய்து வாசியுங்கள். செத்தவீட்டில் நீங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்விக்கு இதில் பதில் எழுதியிருக்கிறேன்.

அன்று அம்மா பெட்டியருகில் நெற்றியில் குங்குமப் பொட்டோடு நின்றார். கடைசிவரை அதை அழிக்கவில்லை. "பொட்டு அழிக்கேல்லையே? அப்ப அந்த மனுசன் இவவுக்கு என்ன முறை?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது முன்வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது. அந்த மண்டபத்தில் மெல்லக் கதைத்தாலும் எல்லாம் கேட்கும். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. திரும்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், மாமா கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தக் கேள்வியில் பிழையில்லை என்று பட்டது. அம்மாவுக்கு அவர் என்ன முறை, எனக்கு அவர் என்ன முறை என்று இருபத்தாறு வருடமாக நாங்கள் யாருக்கும் வாய் திறந்து சொல்லவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க நான் அவரை அப்பா என்று எழுதுகிறேன். அவர் நோயில் விழும்வரை ஒரு நாளும் நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்பா பின்லாந்தின் கிழக்கே, ஏரிக்கரையில் உள்ள ஒரு சிறு நகரத்தில் பிறந்தார். ஊரின் பெயரை இங்கே எழுதினால் உங்களுக்கு நாக்குச் சுளுக்கும், விடுங்கள். தகப்பனார் காகித ஆலையில் வேலை செய்தார். தாயார் பள்ளிக்கூடச் சமையலறையில். ஒரே ஒரு அக்கா. மாரியில் அங்கே மாதக்கணக்கில் பந்தடிக்கும் தரை பனிக்குள் கிடக்கும். பிள்ளைகள் தாங்களே மண்வெட்டியால் பனியைத் தள்ளிவிட்டுத்தான் விளையாடுவார்களாம். அப்பா வகுப்பில் எல்லோரையும் விட நெட்டை. அதனால் கோலுக்குள் நிற்க விட்டார்கள். பத்தொன்பது வயதில் பக்கத்துப் பெரிய நகரத்துக் கழகம் ஒன்று அவரைக் காப்பாளராக எடுத்தது. ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு காப்பாளர் இருந்தார், கெட்டிக்காரர். அப்பா இரண்டாவது.

உதைபந்தாட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓடி விளையாடுகிறவர்களுக்குக் கால் களைத்தால் ஆளை மாற்றுவார்கள். காப்பாளருக்குக் களைக்காது. அவர் விழுந்து எழும்பாமல் கிடந்தால்தான் இரண்டாமவருக்கு வேலை. அதுவரை கையுறையை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போட்ட வாங்கில், அந்த நீளப் பலகையில், இருக்க வேண்டும். எந்த நிமிடமும் கூப்பிடலாம் என்பதால் உடம்பு ஆறவும் கூடாது. அப்பா அப்படிப் பதினாறு வருடம் இருந்தார். பின்லாந்தில் இரண்டு கழகங்கள், சுவீடனில் ஒன்று, கடைசியாக இங்கே மொன்றியலில் ஒன்று. ஒரு தடவை நாட்டின் அணிக்கே கூப்பிட்டார்கள். கொடி தைத்த சட்டை கொடுத்தார்கள். அந்த ஆட்டத்திலும் வாங்குதான். ஆகவே நாட்டுக்காக விளையாடியவர்களின் பட்டியலில் அவருடைய பெயர் கிடையாது.

எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, வாய்க்கொழுப்பில், அவரிடம் கேட்டேன்.

"மற்றக் கோலிக்குக் கை முறிஞ்சால் நல்லது எண்டு நீங்கள் ஒருநாளும் நினைக்கேல்லையோ?"

அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"நினைச்சனான். ரெண்டு தரம். பேந்து அவருக்குக் கோப்பி ஊத்திக் குடுத்தனான்."

மொன்றியலுக்கு வந்து இரண்டாம் வருடம் பயிற்சியின்போது தோள்மூட்டு விலகியது. வெட்டித் தைத்தும் சரிவரவில்லை. முப்பத்தைந்து வயதில் ஆட்டம் முடிந்தது. ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்று கேட்டால், பெட்டி கட்ட அலுப்பு என்பார். மொன்றியலின் வில்லரேயில் நகரசபையின் பனிச்சறுக்கு மண்டபத்தில், பனித்தரையை மட்டம் செய்யும் இயந்திரம் ஓட்டும் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதையே செய்தார். அந்த வேலைக்குப் பிரெஞ்சு வேண்டும் என்று புதிதாக வந்தவர்களுக்கான வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே பின்வரிசையில் எங்கள் அம்மா இருந்தார்.

அம்மாவின் கதையை இந்த இடத்தில் சொல்லாமல் அப்பாவின் கதை விளங்காது. பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான், இளையவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது, யாழ்ப்பாணத்து வடமராட்சியில், சண்டைக் காலத்தில், என்னைப் பெற்றவர் சந்தைக்குப் போய் வாறன் என்று சைக்கிளில் போனார். திரும்பி வரவில்லை. பிடித்துக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார், அது வேறு ஆள் என்று இன்னொருவர் சொன்னார். உடலும் இல்லை, ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை, திவசம் செய்யவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை. எட்டு வயதில் என்னைக் கூட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்து, ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தப் பிரெஞ்சு வகுப்பில் மிக மோசமான மாணவர்கள் அம்மாவும் அப்பாவும்தான். இரண்டு பேரும் போன்ஜூருக்கு அப்பால் நகரவில்லை. ஆசிரியை களைத்துப்போய் இருவரையும் ஒரே மேசையில் விட்டுவிட்டார். அப்பா பிரெஞ்சைக் கைவிட்டு, இதற்கு உங்கள் பாசையில் என்ன என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அந்த மாரி முடிவதற்குள் அவருக்குத் தேத்தண்ணி, குளிர், சப்பாத்து, பிள்ளை எல்லாம் தெரியும். அம்மா அவருடன் மரியாதையாகவே கதைத்ததால் அவரும் எல்லோரையும் நீங்கள் என்றார். என்னையும் நீங்கள்தான், கீழ்வீட்டுப் பூனையும் நீங்கள்தான்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது அம்மா அவரைக் கலியாணம் செய்ய நினைத்தார். அதற்கு, காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று நீதிபதி முன் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னார். வருடங்கள் கடந்துவிட்டன, சிக்கல் இல்லை, ஒரு தாள்தான் என்றார். அம்மா பேனாவைக் கையில் எடுத்தார், பிறகு வைத்துவிட்டார்.

"அவர் செத்துப்போனார் எண்டு என்ரை கையாலை எழுதிக் குடுக்கமாட்டன். எனக்கு அது தெரியாது."

நானும் அந்த அறையில் இருந்தேன். அப்பா "சரி" என்றார். கீழே போய் எல்லோருக்கும் கோப்பி வாங்கி வந்தார். அதற்குப் பிறகு தன் வாழ்நாளில் அந்தக் கதையை அவர் எடுத்ததே இல்லை. பதிவும் இல்லை, தாலியும் இல்லை. அடுத்த மாதம் செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு எடுத்து மூன்று பேரும் குடிபோனோம். கியூபெக்கில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எங்கள் சனம் பார்த்தது. வெள்ளைக்காரனைச் சும்மா கூட்டி வைத்திருக்கிறாள் என்றார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, ஏழு வருடம் எங்கள் படியேறவில்லை. மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

குடிபோன அன்று நடந்த ஒன்றை மறக்க முடியாது. கட்டில் பூட்டவில்லை, அடுப்பு வேலை செய்யவில்லை, வீடெல்லாம் பெட்டிகள். அப்பா சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு, என்னைப் பெற்றவரின் படத்தை மற்றக் கையில் பிடித்தபடி அம்மாவிடம் வந்தார். "எங்கை?" என்றார். அம்மா கூடத்தில் கதவுக்கு நேரே கையைக் காட்டினார். அந்த வீட்டில் அடிக்கப்பட்ட முதல் ஆணி அது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பாதான் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார்.

நான் மட்டும் அவரை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் இருந்தேன். அங்கிள் என்றால் அம்மாவுக்குப் பிடிக்காது. பெயர் சொல்ல வாய் வராது. அப்பா என்றால், சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவரை நான் சாகக் கொடுத்தது போல இருக்கும். அம்மா கையெழுத்துப் போடாததை என் வாயால் நான் போட்டுவிடுவேன் என்ற பயம். ஆகவே ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதும் கேட்க வேண்டுமானால் அவர் இருக்கும் அறைக்குப் போய் முன்னால் நிற்பேன். சோறு ஆறுகிறது என்றால், "அவரிட்டைச் சொல்லுங்கோ" என்று அம்மாவுக்குச் சொல்வேன். இருபத்தாறு வருடம் இப்படியே காலத்தை ஓட்டினேன், சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இனி, நான் செய்த பிழைக்கு வருகிறேன். உங்களில் பலர் அன்று அந்தப் பூங்காவில் நின்றீர்கள்.

கோடையில் ஊர்ச் சங்கங்கள் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டியின் விதி உங்களுக்குத் தெரியும். ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தாய் தகப்பன் ஊரவராக இருக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்திருக்க வேண்டும். அந்த வருடம் எங்கள் ஊர் இறுதியாட்டத்துக்கு வந்தது. காலையிலேயே எங்கள் கோலிக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. அணிக்குப் பொறுப்பு மாமா. ஏழு வருடமாக எங்களுடன் கதைக்காத மனிதர், அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"அக்கா, அவர் எங்கை? ஒருக்கா வரச் சொல்லு. கோலுக்குள்ளை நிக்க ஆளில்லை."

பந்தென்றால் ரோசமெல்லாம் பறந்துவிடும் ஆட்கள் நாங்கள். அப்பா காருக்குள் இருந்து பழைய கையுறையை எடுத்து வந்தார். நாற்பத்தேழு வயது, ஒரு தோள் சரியில்லை. ஆனாலும் அவர் நடந்து வந்த வேகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கோலுக்கு நடுவில் போய் நின்றார். உடனே மற்ற ஊர்க்காரர் தகராறு பண்ணினார்கள்.

"உவர் என்ன மாப்பிள்ளையோ? தாலி கட்டினவரோ? பதிஞ்சவரோ?"

நடுவர் மாமாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது நடுவர் கோட்டருகில் நின்ற என்னைக் கண்டார்.

"பிள்ளை, நீ சொல்லு. இவர் உனக்கு என்ன முறை?"

ஊர்ச் சனம் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு இருபது வயது. வாய்க்காரி என்று பெயரெடுத்தவள். ஒரு சொல் போதும், அப்பா விளையாடியிருப்பார். நான் சொன்னது இதுதான்:

"அம்மாவோடை இருக்கிறவர்."

யாரோ சிரித்தார்கள். அப்பாவுக்குத் தமிழ் விளங்கும் என்பது அங்கே யாருக்கும் நினைவில் இல்லை. அவர் கையுறையைக் கழற்றினார். மெதுவாக நடந்து வந்து வாங்கில் இருந்தார். பின்வரிசையில் விளையாடுகிற ஒருவரைக் கோலுக்குள் விட்டு, நாலு கோல் வாங்கித் தோற்றோம். அப்பா ஆட்டம் முடியும்வரை எழும்பிப் போகவில்லை. இடைவேளையில் அந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்து, எங்கே நிற்க வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். வீடு திரும்பும்போது காரில், "கோலுக்குள்ளை நிண்டவர் கையை முன்னுக்கு நீட்டேல்லை" என்று மட்டும் சொன்னார். அம்மா ஒரு கிழமை என்னுடன் கதைக்கவில்லை. மாமா அடுத்த ஞாயிறு ஒரு பை மீனோடு படியேறி வந்தார். எல்லோரும் சமாதானமானார்கள். நான் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதன் பிறகும் அப்பா அப்படியேதான் இருந்தார். என் கலியாணத்தில் மாமாவும் அவர் மனைவியும் தாரை வார்த்தார்கள், அப்பா வாசலில் நின்று வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்தார். மாரியில் கோயில் வாசலில் மலையாகக் குவியும் சப்பாத்துக்களைச் சோடி பார்த்து அடுக்கி வைத்தவர் அவர்தான். உங்கள் சப்பாத்தும் அதில் இருந்திருக்கும். யார் வீட்டில் செத்தவீடென்றாலும் சனம் இருக்கக் கதிரை இறக்க முதல் ஆளாகப் போவார். ஒருவருடனும் கதைக்கமாட்டார். உங்கடை மனுசன் வாயிலை என்ன கொழுக்கட்டையோ என்று அம்மாவைக் கேலி செய்வார்கள். ஆனால் துக்கப்பட்டவர்கள் அவருக்குப் பக்கத்தில்தான் வந்து இருப்பார்கள். அவர் ஆறுதல் சொல்லி அவர்களை வதைக்கமாட்டார் என்பதால் என்று நினைக்கிறேன்.

போன ஐப்பசியில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். நாலு மாதம் தந்தார்கள், அப்பா ஐந்து மாதம் இருந்தார். கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரி. என் வேலையிடத்திலிருந்து மெட்ரோவில் இரண்டு தரிப்பு என்பதால் ஒவ்வொரு மத்தியானமும் கஞ்சி கொண்டு போவேன். ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா மருந்தெடுக்கக் கீழே போயிருந்தார். இனியும் இதை மனதுக்குள் வைத்திருக்க ஏலாது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்டைக்குப் பார்க்கிலை நான் சொன்னது பிழை," என்றேன்.

எந்தப் பார்க் என்று அவர் கேட்கவில்லை. மறக்கவில்லை, அவ்வளவு வருடமும் வைத்திருந்திருக்கிறார்.

"பிழையில்லை. உங்களுக்கு அப்பா இருக்கிறார். ஒரு கோலுக்குள்ளை ரெண்டு பேர் நிக்கேலாது."

சொல்லி முடிக்க அவருக்கு வாய் உலர்ந்து இருமல் வந்தது. நான் மேசையிலிருந்த கோப்பையை எடுத்து நீட்டினேன்.

"இந்தாங்கோ அப்பா, தண்ணி."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் உறிஞ்சு குழாயை வாயில் வைத்துக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார். யன்னலைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்" என்றார். இருபத்தாறு வருடம் பொத்தி வைத்த சொல்லை நான் சொல்கிறேன், மனுசன் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறார்! எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. மறுபடி நிரப்பிக் கொடுத்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டார்.

அடுத்த கிழமை அம்மா அவருக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ செத்தவீடுகளுக்குக் கதிரை தூக்கிய மனிதர், அங்கே மனைவிக்கு என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். அம்மாவின் நெற்றியை விரலால் தொட்டார்.

"என்ரை செத்தவீட்டிலை உந்தப் பொட்டை அழிக்க வேண்டாம்."

"உதென்ன விசர்க் கதை? நீங்கள் எனக்கு ஆர்? உங்களுக்கு அழிக்காமல் நான் ஆருக்கு அழிக்கிறது?" அம்மா சத்தம் போட்டு அழுதார்.

அப்பா திரும்பவும் அந்தப் பொட்டைக் காட்டினார்.

"அவர் வந்தால்? உங்கடை நெத்தியைப் பார்த்துத் தான் செத்துப்போனன் எண்டெல்லோ நினைப்பார்."

அம்மா அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். அதற்குப் பத்து நாள் கழித்து, காலையில், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்க, அப்பா போய்விட்டார்.

பெட்டி மூடும் நேரம் பெரியம்மா முறைப்படி பொட்டை அழிக்க ஈரத்துணியோடு வந்தார். அவரில் குற்றம் இல்லை. அம்மா அவருடைய கையைப் பிடித்து, "அக்கா, அவர் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்" என்றார். மனைவி என்ற முறையில், புருசனின் கடைசிச் சொல்லை அம்மா கேட்டார். நீங்கள் பார்த்த பொட்டின் கதை இவ்வளவுதான். கிரியைக்கு யார் இருப்பது, என்ன முறை என்று ஐயர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டபோது மகள் என்று நான் சொன்னேன். இந்த முறை யாரும் என்னைக் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆஸ்பத்திரியில் அப்பாவைத் தூக்கி, துடைத்து, அவருடைய இரண்டு சொல் பிரெஞ்சுக்குச் சிரித்துப் பதில் சொன்ன தாதிகளுக்கு. கிரியையைச் சுருக்கமாகச் செய்யச் சொல்லி அப்பா கேட்டதை மதித்த ஐயருக்கு. எங்கள் வெளிப்படியில் பனி அள்ளிய கீழ்வீட்டு ஹெயிட்டிக் குடும்பத்துக்கு. எட்டு நாளும் சாப்பாடு கொண்டு வந்த உங்களுக்கு. கடைசிவரை அத்தான், அத்தான் என்று பக்கத்தில் நின்ற மாமாவுக்கு. கேள்வி கேட்ட பின்வரிசைக்கும் நன்றி, நீங்கள் கேட்காவிட்டால் நான் எழுதியிருக்கமாட்டேன்.

பின்லாந்திலிருந்து தனியாக வந்து, பெட்டியருகில் நின்று தங்கள் பிரார்த்தனைப் பாட்டை நடுங்காமல் பாடிய அப்பாவின் அக்கா எனக்கு மாமி. எழுபது தாண்டியவர். அவரை விமான நிலையத்தில் விடப் போனபோது என்னைப் பிடித்து நிறுத்தி ஒன்று கேட்டார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"பந்தாடப் போன காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் தம்பி வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பான். இன்றைக்கு விளையாடினாயா என்று எங்கள் அம்மா கேட்பார். இல்லை என்பான். பதினாறு வருடமும் அநேகமாக அதே பதில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு எடுத்தான். குரலே இல்லை. 'அக்கா, நான் இன்றைக்கு விளையாடினேன்' என்றான். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான். மருந்து மயக்கம் என்று நினைத்தேன். அன்றைக்கு அங்கே என்ன நடந்தது, உனக்குத் தெரியுமா?"

தெரியும் மாமி என்றேன்.

இப்படிக்கு,
அவருடைய மகள்